அண்ணியின் ரிப்போர்ட்டில் ‘ஹெர்-2: 2+’. கட்டியை வளரச் சொல்வது யார்?

தங்கசாலைப்பெண் | திங்கள், இரவு 10.40

இந்தக் குழுவில் இதுவரை மெட்ரோ நேரம், குடிநீர் வரி, கால்வாய்க் கொசு பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இன்று வேறு விஷயம். தவறான இடத்தில் கேட்கிறேன் என்றால் நெறியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அண்ணிக்கு வயது 47. வீடு பழைய வண்ணாரப்பேட்டை. இடது மார்பில் கட்டி. ஊசியால் திசு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ரிப்போர்ட்டின் கடைசியில் நான்கு வரிகள் இருக்கின்றன: ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-2 2+, கி-67 40 சதவீதம். அதற்குக் கீழே ‘ஃபிஷ் பார்க்கவும்’ என்று ஒரு வரி. அண்ணன் அதைப் பத்தியம் என்று நினைத்துக்கொண்டு விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் ஒரு கிலோ சங்கரா வாங்கி வந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணி ஒன்றும் சொல்லாமல் புளி கரைத்தார்.

மருத்துவர் நல்லவர்தான். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள், எங்களுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. “செல்லுக்கு வளரச் சொல்லி வரும் சமிக்ஞை மிகையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்றார். அந்த வாக்கியம் மூன்று நாளாக மனத்தில் உறுத்துகிறது. சமிக்ஞை என்றால் யாரோ அனுப்ப வேண்டும், யாரோ வாங்க வேண்டும் அல்லவா? அனுப்புவது யார்? மருந்து எது என்று கேட்கவில்லை. அது மருத்துவர் வேலை. எனக்கு இது புரிய வேண்டும், அவ்வளவுதான்.

பாரஃபின்மெழுகு | திங்கள், இரவு 11.25

அம்மா, நான் நோயியல் ஆய்வகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராயபுரத்தில் இருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆனால் உங்கள் அண்ணியின் திசுவைப் போன்ற துண்டுகளை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் தடிமனில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி எடுத்த கை இது. அதனால் அந்த நான்கு வரிகளைப் பற்றி என்னால் பேச முடியும்.

ஈ.ஆர்., பி.ஆர். என்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள். உங்கள் அண்ணியின் கட்டியில் அவை இல்லை. கி-67 என்பது எடுத்த துண்டில் நூற்றுக்கு எத்தனை செல்கள் பிரிந்து பெருகும் வேலையில் இருக்கின்றன என்ற கணக்கு. 40 என்றால் சுறுசுறுப்பான கட்டி.

ஹெர்-2 செல்லின் மேல்தோலில் உட்கார்ந்திருக்கும் புரதம். அது இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் ஏறும்படி சாயம் போடுவோம். நன்றாக ஏறினால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் அடர்ந்த பழுப்பு வளையம் தெரியும். மொத்தமாகப் பார்த்தால் கோழிக்கூண்டின் கம்பிவலை போல இருக்கும். அது 3+. ஒன்றுமே ஏறாவிட்டால் 0. உங்களுக்கு வந்த 2+ நடுவில் நிற்பது. வளையம் இருக்கிறது, ஆனால் பால் அதிகமாகிவிட்ட டீயைப் போல வெளிறி இருக்கிறது. இதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஃபிஷ். சங்கராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒளிரும் சாயத்தைக் கொண்டு மரபணுவையே எண்ணும் சோதனை அது. ஹெர்-2 மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் மரபணு சிவப்புப் புள்ளியாகவும் குரோமோசோமின் மையப்பகுதி பச்சைப் புள்ளியாகவும் தெரியும். இருட்டறையில் உட்கார்ந்து குறைந்தது 20 செல்களிலாவது புள்ளிகளை எண்ணுவார்கள். சாதாரணச் செல்லில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. சிவப்பு பச்சையைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்து, செல்லுக்குச் சராசரியாக நான்கு சிவப்பாவது இருந்தால் பாசிட்டிவ்.

உங்கள் விஷயத்தில் இந்த ஒரு சோதனையில் வழி இரண்டாகப் பிரிகிறது. அதனால் அவசரப்படுத்தாதீர்கள். திசு ஃபார்மலினில் ஒழுங்காக ஊறியதா என்பதை மட்டும் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. ஒருமுறை ஒரு சிறிய நர்சிங் ஹோமிலிருந்து (பெயர் வேண்டாம்) மார்புத் திசு ஊறுகாய்ப் பாட்டிலில் வந்தது. உள்ளே உப்புத் தண்ணீர். சனிக்கிழமை மாலை அறுத்தது, திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தது. எல்லா ஏற்பியும் ‘நெகட்டிவ்’. அந்தப் பெண்ணுக்கு ஏற்பி இல்லையா, இருந்தது அழுகிப் போயிற்றா என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வழியே இல்லை. மறுபடி ஊசி குத்தச் சொன்னோம். அந்த அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

உண்மைவிளம்பி | செவ்வாய், காலை 6.10

இதெல்லாம் மருந்துக் கம்பெனிகள் கட்டிய கதை. சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள், கட்டி பட்டினியில் சாகும். முள்சீத்தா இலைக் கஷாயம் 40 நாள் குடித்தால் கரைந்துவிடும். பிராய்லர் கோழியில் போடும் ஹார்மோன்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

காசிமேட்டுக்காரி | செவ்வாய், காலை 6.55

உண்மைவிளம்பி, உங்களைப் போன்ற ஒருவர் பேச்சைக் கேட்டு நான்கு மாதம் கஷாயம் குடித்தவள் நான். குடிக்க ஆரம்பித்தபோது கட்டி நெல்லிக்காய் அளவு. நிறுத்தியபோது எலுமிச்சம்பழ அளவு. அக்குளிலும் நெறி கட்டிவிட்டது. அந்த நான்கு மாதத்தை நீங்கள் திருப்பித் தருவீர்களா?

தங்கசாலைப்பெண், நானும் இந்த வழியில் நடந்தவள்தான், ஏழு வருடம் ஆகிறது. அண்ணியை என்னோடு பேசச் சொல்லுங்கள்.

நெறியாளர் | செவ்வாய், காலை 8.00

கஷாயம், மாத்திரை, ஊசி எதையும் எடு என்றோ நிறுத்து என்றோ இந்த இழையில் யாரும் சொல்லக் கூடாது. மீறினால் பதிவு நீக்கப்படும். விளக்கங்கள் தொடரலாம்.

செல்வளர்ப்பு | செவ்வாய், இரவு 9.30

அக்கா, நான் தண்டையார்பேட்டை. புற்றுநோய்ச் செல்களை வளர்த்து ஆராயும் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறேன். நான்காம் ஆண்டு, ஆகவே வாழ்க்கையைப் பற்றிக் கேட்காதீர்கள், செல்லைப் பற்றிக் கேளுங்கள்.

“அனுப்புவது யார், வாங்குவது யார்” என்ற உங்கள் கேள்வி என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம்.

நம் தெருவில் தண்ணீர் லாரி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. முனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. அந்த ஹாரனைத் தெரிந்தவர்கள் குடத்தோடு ஓடி வருகிறார்கள். மாடியில் சொந்தமாக ஆழ்குழாய் வைத்திருப்பவர் காதிலும் சத்தம் விழுகிறது, ஆனால் அவர் அசைவதில்லை. செல் வெளியே சுரக்கும் புரதம் அந்த ஹாரன். ஏற்பி என்பது அதைக் கேட்டால் எழுந்து ஓட வேண்டும் என்ற பழக்கம். ஒரே புரதம் ஒரு செல்லை வளரச் சொல்லும், இன்னொன்றை நகரச் சொல்லும், மூன்றாவதை ஒன்றுமே செய்யாது.

மார்பகம் அடிப்படையில் ஒரு சுரப்பி. பால் சுரப்பதற்காகவே ஏற்பட்ட உறுப்பு. அங்கே செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருப்பது இயல்பு. பருவம் வரும்போது நாளங்கள் கிளைவிடுவதும், கர்ப்பத்தில் பெருப்பதும், பால்குடி மறந்ததும் சுருங்குவதும் இந்தப் பேச்சால்தான். இயல்பான மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல் தான் பெருகுவதில்லை என்பது ஒரு வேடிக்கை. அது ஹார்மோனைக் கேட்டுவிட்டு ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது சுற்றியுள்ள இணைப்புத் திசுவுக்குப் போய், அங்கிருந்து மறுபடி சேதி வந்து, கடைசியில் பக்கத்துச் செல் பெருகுகிறது. சேதி வாங்குபவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர். நல்ல ஏற்பாடு, யாரும் தன்னிச்சையாக வளர முடியாது. புற்றுநோயில் இந்த ஏற்பாடுதான் முறிகிறது. சேதி வாங்கிய செல்லே தான் பெருகத் தொடங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் அண்ணியின் வரிக்கு வருகிறேன். ஹெர் குடும்பத்தில் நான்கு ஏற்பிகள். முதலாவது ஏற்பி கேட்கும் புரதம் இ.ஜி.எஃப். அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கோஹன். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை அரைத்துப் பிறந்த குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவை வழக்கத்துக்கு முன்பே கண் திறந்தன, பல் முளைத்தது. வேறொன்றைத் தேடிப் போனவர் இதைக் கண்டு நின்றார். 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். 1986-இல் ரீட்டா லெவி-மோன்டால்சினியோடு சேர்ந்து நோபல் வாங்கினார்.

ஹெர்-2 இரண்டாவது ஏற்பி, ஆனால் விசித்திரமானது. அதற்கென்று ஒரு ஹாரன் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. காது இல்லை, உள்ளே பேசும் வாய் மட்டும் பலம். ஹெர்-3-க்கு நல்ல காது, நியூரெகுலின் என்ற புரதத்தைக் கேட்கும். ஆனால் வாய் கிட்டத்தட்ட ஊமை. முடவனைத் தோளில் ஏற்றிக்கொண்ட குருடன் கதைதான். இரண்டும் கைகோத்தால் செல்லுக்குள் போகும் கட்டளை மிக வலுவானது. மரபணு பிரதியெடுத்துப் பெருகிவிட்ட கட்டியில் ஹெர்-2 நூறு மடங்கு வரைகூடச் செல்லின் மேல் குவிந்திருக்கும். அப்போது வெளியிலிருந்து சேதியே வேண்டாம். நெரிசலில் ஒன்றையொன்று உரசிக்கொண்டே கட்டளை போகிறது. லாரி வராமலேயே தெரு முழுக்கக் குடத்தோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஷ்ஷில் எண்ணுவது அந்தப் பிரதிகளைத்தான்.

சர்க்கரை பற்றி ஒரு வரி: நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், கட்டி பட்டினி கிடக்காது. பிராய்லர் கோழி சீக்கிரம் வளர்வது தேர்ந்தெடுத்த இனக்கலப்பாலும் தீவனத்தாலும்.

தங்கசாலைப்பெண் | செவ்வாய், இரவு 10.15

தம்பி, இரண்டு முறை படித்தேன். அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். லாரி வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “அப்படியானால் கட்டி என்பது கெட்டுப்போன செல் மட்டும் இல்லையா?” என்று கேட்டார். இதற்கு நான் என்ன சொல்ல?

பாரஃபின்மெழுகு | புதன், காலை 5.50

உங்கள் அண்ணி கேட்டது நல்ல கேள்வி. நுண்ணோக்கியில் பார்த்தவனுக்கு அது முதல் நாளே தெரியும். புற்றுநோய்க் கட்டியைச் சீவி வைத்தால் கண்ணாடி முழுக்கப் புற்றுநோய்ச் செல் இருக்காது. சில துண்டுகளில் பாதிக்கு மேல் நார்த் திசுதான். கையால் தடவும்போது கல் மாதிரி இருக்கிறதே, அந்தக் கடினம் பெரும்பாலும் அந்த நாரால் வருவது. அதோடு இரத்தக் குழாய்கள், வெள்ளையணுக்கள், கொழுப்பு. இவை எல்லாம் நோயாளியின் சொந்த, நல்ல செல்கள்.

‘கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது’ என்பார்கள். நோய்க்குப் புற்று என்று பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, எனக்குக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். கட்டியவை வேறு, குடியிருப்பது வேறு.

செல்வளர்ப்பு | புதன், இரவு 11.05

ஐயா, பழமொழியில் ஒரு சின்னத் திருத்தம். இங்கே நாகம் ஆள் வைத்துக் கட்டுகிறது. கரையானைக் கூப்பிட்டு, மண் கொண்டு வா, உமிழ்நீர் கலந்து பூசு என்று சொல்லிச் சொல்லிக் கட்ட வைக்கிறது.

நேற்று ஆய்வகத்தில் முடித்த சோதனையையே சொல்கிறேன். கட்டியிலிருந்து பிரித்த நார்ச் செல்களை ஒரு தட்டில் வளர்த்தேன். 37 டிகிரி சூடு, இளஞ்சிவப்புத் திரவம். இரண்டு நாள் கழித்துச் செல்களை விட்டுவிட்டு அவை இருந்த தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுத்தேன். ஒரு செல்கூட வராதபடி 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் வடித்தேன். அந்தத் தண்ணீரை இன்னொரு தட்டில் இருந்த மார்பகப் புற்றுச் செல்கள் மேல் ஊற்றினேன். பக்கத்துத் தட்டில் வெறும் புதுத் திரவம். மூன்றாம் நாள் எண்ணினால் நார்ச் செல் ‘குளித்த தண்ணீர்’ ஊற்றிய தட்டில் செல்கள் நெருக்கியடித்து நின்றன. அதே தண்ணீரைக் கொதிக்கச் சூடாக்கி ஆறவைத்து ஊற்றினால் அந்த வேலை நடக்கவில்லை. அதில் இருந்தது சூட்டில் குலையும் ஏதோ ஒன்று, அநேகமாகப் புரதம். எந்தப் புரதம் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் நான்கு ஆண்டு.

அந்தப் புற்றுச் செல்லுக்கு எம்.சி.எஃப்.-7 என்று பெயர். 1970-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் 69 வயதுக் கன்னியாஸ்திரீ ஒருவரின் நெஞ்சுக்கூட்டில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்தது. அவர் அந்த ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய செல்கள் இன்றும் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. காலையில் தட்டைத் திறக்கும்போது சில நாள் அது மனத்தில் வந்து நிற்கும்.

ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜனே இல்லாமல் இந்தச் செல்கள் நன்றாக வளர்கின்றன என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1986-இல் தெரிந்தது: திரவத்துக்கு இளஞ்சிவப்பு தரும் ஃபீனால் ரெட் சாயமே மெல்லிய ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்திருக்கிறது. சாயத்தில் கலந்திருந்த அசுத்தம்தான் காரணம் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. செல்லுக்குக் காது எவ்வளவு கூர்மை பாருங்கள். அதனால் ஹார்மோன் சோதனைக்கு நாங்கள் நிறமில்லாத திரவம்தான் வைப்போம்.

மறுபடி அண்ணியின் கேள்வி. புற்றுச் செல் சி.எஸ்.எஃப்.-1 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதைக் கேட்டு மாக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணு வருகிறது. வந்தது கட்டியைத் தின்ன வேண்டியது. ஆனால் அது இ.ஜி.எஃப். சுரந்து கட்டியையே நகரவும் ஊடுருவவும் தூண்டுகிறது. நார்ச் செல் சி.எக்ஸ்.சி.எல்.12 சுரக்கிறது, அதைக் கேட்டும் கட்டி பெருகுகிறது. உள்ளே மூச்சு முட்டும்போது கட்டி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை விட்டு இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் கிளைவிட வைக்கிறது. இவை எதுவும் புதிதாக முளைத்த வேலை அல்ல. அடிபட்ட தோல் ஆறும்போது நம் உடம்பு தினமும் செய்வதுதான். அங்கே வேலை முடிந்ததும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும், இங்கே வருவதில்லை. ஹெரால்ட் டுவோராக் என்ற நோயியல் மருத்துவர் 1986-இல் கட்டிகளை ஆறாத புண்கள் என்று எழுதினார்.

டி.ஜி.எஃப்.-பீட்டா என்று ஒன்று உண்டு, இரட்டை நாக்கு. தொடக்கத்தில் செல்லை வளராதே என்று அடக்கும். கட்டி முற்றியபின் அதே புரதம் படர்ந்து போ என்று தூண்டும். புரதம் மாறவில்லை, கேட்கும் செல் மாறிவிட்டது.

எண்ணூர்நெடுஞ்சாலை | வியாழன், காலை 7.20

நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் எல்லாவற்றையும் செல்லுக்குள்ளேயே தேடினால் எப்படி? மணலிப் புகை, கொடுங்கையூர்க் குப்பைமேடு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்த எண்ணூர்க் கழிமுகம். இவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. வடசென்னைக்காரன் உடம்பில் சமிக்ஞை தவறினால் யாருக்கும் பொறுப்பில்லை என்று முடித்துவிடலாம், வசதியாக இருக்கும்.

செல்வளர்ப்பு | வியாழன், பிற்பகல் 1.40

அண்ணா, நானும் அந்தப் புகையைக் குடித்து வளர்ந்தவன்தான். வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-இல் அறிவித்தது. அதில் வலுவான சான்று நுரையீரலுக்கு. மார்பகத்துக்கு அதே உறுதியோடு பேசும் தைரியம் எனக்கு இல்லை. போராட்டத்துக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். ஆனால் ஒரு தனி ஆளின் ரிப்போர்ட்டைக் காட்டி இது மணலிதான் என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணியின் கட்டி எப்படித் தொடங்கியது என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லாது. இப்போது எதைக் கேட்டு வளர்கிறது என்பதை மட்டும் சொல்லும். இந்த இழையில் கேட்டது அது.

எண்ணூர்நெடுஞ்சாலை | வியாழன், பிற்பகல் 2.05

சரி. காற்றுக்கு நான் தனி இழை தொடங்குகிறேன். அங்கே வந்து எழுதுங்கள், நழுவக் கூடாது.

பேசின்பாலம் | வியாழன், மாலை 6.30

எனக்கு ஒரு சந்தேகம். வெளியே சுரக்கும் புரதம்தான் தூண்டுகிறது என்றால், ஊசி போட்டு அந்தப் புரதத்தை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதுமே? இரத்தக் குழாய் வராவிட்டால் கட்டி செத்துவிடாதா? இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் தலைமுடி கொட்டும் மருந்து?

செல்வளர்ப்பு | வியாழன், இரவு 10.50

அதையே நினைத்துத்தான் பெவாசிசுமாப் வந்தது. வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள். இரத்தக் குழாயைத் தடுத்தால் கட்டி வளராது என்று ஜூடா ஃபோக்மேன் 1971-இலேயே சொல்லிவிட்டார், அப்போது பலர் சிரித்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் முற்றிய மார்பகப் புற்றுக்கு அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. கட்டி வளர்வது சில மாதம் தள்ளிப்போனது, ஆனால் பெண்கள் கூடுதல் நாள் வாழவில்லை. பக்கவிளைவும் இருந்தது. 2011-இல் மார்பகப் புற்றுக்கான அனுமதி திரும்பப் பெறப்பட்டது. வேறு சில புற்றுநோய்களுக்கு இன்றும் பயன்படுகிறது. புரதப் பிரியர்களாகிய எங்களுக்கு இது நல்ல குட்டு. ஒரு ஹாரனை அடைத்தால் கட்டி இன்னொரு ஹாரனைத் தேடிக்கொள்கிறது.

ஹெர்-2 கதை வேறு மாதிரி போனதற்குக் காரணம், அந்தக் கட்டி பெரும்பாலும் ஒரே கம்பியில் தொங்குகிறது. 1987-இல் டென்னிஸ் ஸ்லேமனும் அவர் கூட்டாளிகளும், இந்த மரபணு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்று காட்டினார்கள். அன்று அது மிகக் கெட்ட சேதி. 1998-இல் டிராஸ்டுசுமாப் வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்-2-வின் மேல் ஒட்டிக்கொண்டு கட்டளையைத் தணிக்கும். நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு ‘இதோ இங்கே’ என்று அடையாளமும் காட்டும். 2012-இல் வந்த பெர்டுசுமாப், ஹெர்-2 போய் ஹெர்-3-உடன் கைகோப்பதைத் தடுக்கும். பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014-இல் டிராஸ்டுசுமாப்பின் ஒத்த வடிவத்தை இந்தியாவில் அறிமுகம் செய்தது. கெட்ட சேதியாக இருந்த வரி இன்று பல குடும்பங்கள் எதிர்பார்த்து நிற்கும் வரியாகிவிட்டது.

கீமோ ஏன் வேண்டும் என்றால், எல்லாச் செல்லும் ஒரே கம்பியில் தொங்காது. இரண்டும் சேர்ந்துதான் பெரும்பாலும்.

காசிமேட்டுக்காரி | வெள்ளி, காலை 10.30

தம்பி, என்னுடையது ஹார்மோன் பாசிட்டிவ். டமாக்சிஃபென் கொடுத்து, பிறகு லெட்ரோசோல் மாற்றினார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்க மாத்திரை எதற்கு என்று ஏழு வருடமாகக் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டேன். இன்னொன்று, எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு மார்பில் வந்தது, மூன்று வருடம் கழித்து இடுப்பெலும்பில். மார்பு எங்கே, இடுப்பு எங்கே?

செல்வளர்ப்பு | வெள்ளி, இரவு 9.15

அக்கா, சினைப்பை ஓய்ந்தாலும் கொழுப்புத் திசு ஓய்வதில்லை. அங்கே அரோமடேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. மார்பகத்திலேயே கொழுப்பு நிறைய. கட்டி விடும் சேதியால் சுற்றியுள்ள கொழுப்பில் அந்த நொதி இன்னும் கூடுகிறது. லெட்ரோசோல் நொதியை நிறுத்துகிறது. டமாக்சிஃபென் ஏற்பியில் போய் உட்கார்ந்து இடத்தை அடைக்கிறது. மார்பகப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை என்பது உலகக் கணக்கு. ஏற்பி என்ற பேச்சே இல்லாத 1896-இல் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், சினைப்பையை எடுத்தால் மார்புக் கட்டி சுருங்குவதைப் பார்த்து எழுதிவைத்தார்.

எலும்புக்கு ஏன் போகிறது என்று 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் கேட்டார். மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். இன்று அந்த மண்ணின் குணம் ஓரளவு தெரியும். எலும்பு மஜ்ஜையில் சி.எக்ஸ்.சி.எல்.12 நிறைய, அதைக் கேட்கும் ஏற்பி கட்டியில் உண்டு. அங்கே போன செல் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதத்தை விடுகிறது. அதைக் கேட்ட எலும்புச் செல் ராங்க்-எல் என்பதை விடுகிறது. அது எலும்பை அரிக்கும் செல்களை எழுப்புகிறது. எலும்பு அரிபடும்போது உள்ளே பூட்டி வைத்திருந்த டி.ஜி.எஃப்.-பீட்டா வெளியே கொட்டி, கட்டிக்கு மறுபடி உரமாகிறது. செக்குமாடு போல ஒரே வட்டம்.

பேசின்பாலம் அண்ணா, நீங்கள் கேட்ட ‘உறிஞ்சி எடுக்கும்’ வழி இங்கே பலித்தது. ராங்க்-எல்-ஐப் பிடிக்கும் டெனோசுமாப் 2010-இலிருந்து இருக்கிறது. கட்டியைக் குணப்படுத்தாது. எலும்பு முறிவதைக் குறைக்கும், தள்ளிப்போடும். நடக்க முடிவதும் படுத்துவிடுவதும் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று காசிமேட்டு அக்காவின் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

பாரஃபின்மெழுகு | சனி, காலை 6.00

தம்பிக்கு ஒரு குட்டு. இவ்வளவு எழுதினாய், ஃபிஷ் நெகட்டிவ் வந்தால் என்ன என்று அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லையே. வந்தால் பயப்பட வேண்டாம், அது வேறு பாதை. மூன்று ஏற்பியும் இல்லாத வகை என்று சேர்ப்பார்கள், கீமோதான் முதுகெலும்பு. ஹெர்-2 கொஞ்சமாக இருக்கும் கட்டிகளுக்கும், நோய் பரவிய நிலையில், 2022-க்குப் பிறகு வேறொரு மருந்து வழி திறந்திருக்கிறது. கண்ணாடியையும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.

தங்கசாலைப்பெண் | அடுத்த வெள்ளி, இரவு 8.20

ஃபிஷ் வந்துவிட்டது. விகிதம் 3.8. செல்லுக்குச் சராசரி ஒன்பது பிரதி. பாசிட்டிவ். இந்த முறை நான்கு நிமிடத்தில் அண்ணியே மருத்துவரிடம் கேட்டார், “காது இல்லாத அந்த ஏற்பிதானே ஐயா?” என்று. அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வெளியே இருந்த அறுபது பேரும் எங்களைத் திட்டியிருப்பார்கள்.

கீமோவோடு டிராஸ்டுசுமாப் ஊசியும். தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும், நடுநடுவே மறுபடி எடுக்க வேண்டும் என்றார். அந்த மருந்து சிலருக்கு இதயத்தின் பம்பு பலத்தைக் குறைக்கும் என்பதால். புதன்கிழமை காலை எக்கோ. காப்பீட்டு அட்டையில் அண்ணியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதற்கு அண்ணன் திங்கட்கிழமை அலைய வேண்டும்.

அண்ணன் மறுபடி காசிமேடு போனார். இந்த முறை வஞ்சிரம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

காசிமேட்டுக்காரி | அடுத்த வெள்ளி, இரவு 8.45

வஞ்சிரம் விலை தெரிந்துதான் வாங்கினாரா? அடுத்த முறை என்னிடம் சொல்லச் சொல்லுங்கள், ஏலத்திலேயே எடுத்துத் தருகிறேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தியாகராயா கல்லூரி மெட்ரோ வாசலில் நிற்கிறேன். அண்ணியை முன்பக்கம் பொத்தான் வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். எக்கோவுக்கு அதுதான் சௌகரியம்.